இருமலில் விளைந்த கற்கள்

முனிரத்தினம் முதல் கல்லை இருமித் துப்பியது ரேஷன் கடை வரிசையில், ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, பாமாயில் வந்திருக்கிறதா இல்லையா என்று எல்லோரும் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில். அவர் இருமுவது எங்களுக்குப் புதிதில்லை. செங்கரட்டில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கிய ஆண்கள் எல்லோரும் இருமுவார்கள். சுரங்கம் நடந்தபோது இருமினார்கள், சுரங்கத்தை மூடி, பம்புகளை நிறுத்தி, கீழே அடுக்கடுக்காக இருந்த தொண்ணூற்றெட்டு லெவல்களிலும் தண்ணீர் ஏறி நிரம்பி இருபத்திரண்டு வருஷம் ஆன பிறகும் இருமினார்கள். கண்ணை மூடிக்கொண்டு தெருவில் நடந்தால் இருமலை வைத்தே இது யார் வீட்டு வாசல் என்று சொல்லிவிடலாம். ஆனால் அன்று வந்த இருமல் முனிரத்தினத்தை இரண்டாக மடித்தது. முன்னால் நின்றவரின் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் இருமினார், இருமினார், ஒரு பாட்டுக்கு ஆகும் நேரம் இருமினார், கடைசியில் சிமெண்ட் தரையில் டிங் என்று ஏதோ விழுந்தது.

பின்னால் நின்ற ரஞ்சிதம், "அண்ணா, உன் பாக்கெட்லேர்ந்து ஏதோ விழுந்துச்சு பாரு," என்றாள்.

"பாக்கெட்லேர்ந்து இல்லம்மா," என்றார் முனிரத்தினம் வாயைத் துடைத்துக்கொண்டு. "நெஞ்சுலேர்ந்து."

கல்கண்டு போல இருந்தது. அவரை விதை அளவு, ஆறு பட்டை, ஒரு முனை கூராக, மறுமுனை உடைந்தது போல. கடைக்காரர் பழக்க தோஷத்தில் அதைத் தராசில் வைத்துப் பார்த்து, மூன்று கிராம் என்றார். பிறகு பாமாயில் வந்துவிட்டதால் வரிசை நகர்ந்தது. அன்றைக்கு ஊரெல்லாம் பேசியது கல்லைப் பற்றி அல்ல. முனிரத்தினம் இருபது கிலோ அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுத்தெரு ஏறினார், பம்ப் ஹவுஸ் அருகில் உட்காரவில்லை, மதகருகே உட்காரவில்லை, ஒன்பது வருஷமாக அவர் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பான கோயில் படியிலும் உட்காரவில்லை, நேராக வீட்டுக்குப் போய் மூட்டையை இறக்கிவிட்டு மனைவியிடம் தண்ணீர் கேட்டார் என்பதைத்தான் பேசினார்கள்.

சாயங்காலம் அவர் கல்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு சலேத்தக்காவிடம் போனார். எங்கள் ஊரில் கல் என்றால் அங்கேதான் போக வேண்டும்.

சலேத்மேரி என்பது அவள் முழுப்பெயர். சுரங்கக் குழிகளில் ஒன்றான மார்லோ ஷாப்ட்டின் சாம்பிள் ரூமில் இருபத்தாறு வருஷம் வேலை செய்தவள். கீழேயிருந்து ஒவ்வொரு ஷிப்ட்டிலும் சாக்குப்பைகளில் பாறைத்துண்டுகள் மேலே வரும். பையின் கழுத்தில் ஒரு சீட்டு கட்டியிருக்கும், எந்த லெவல், எந்தப் பக்கம், என்ன தேதி, உடைத்தவன் யார் என்று. சலேத்தக்காவும் கூட இருந்த பெண்களும் அந்தத் துண்டுகளை நொறுக்கும் மிஷினில் போட்டு மாவாக்கி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தங்கம் எவ்வளவு என்று அங்கே பார்ப்பார்கள். மிச்சத்தை மேட்டில் கொட்டிவிடுவார்கள். அந்த மிச்சத்திலிருந்து கட்டைவிரல் அளவு ஒரு துண்டை அவள் எடுத்துவைத்துக்கொள்வாள், சீட்டில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் தாளில் எழுதித் துண்டோடு தீப்பெட்டியில் போடுவாள். கேட்டில் காவலர்கள் தலைமுடியைக்கூட அவிழ்த்துப் பார்க்கிற சுரங்கம் அது. ஆய்வகத்துப் பெரியவர் அவளுடைய துண்டுகளை நாலு நாள் சோதித்துப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் எடுத்துப்போவது வெறும் கல் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவள் கேட்டைத் தாண்டும்போதெல்லாம் காவலர்கள், "வெறும் கல்லு போகுது, வழி வுடு," என்று சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

எதற்காகச் சேர்த்தாள் என்று கேட்டால் பதில் எளிமையானது. பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்பது சட்டம். அவளுடைய அப்பா இறங்கினார், மூன்று அண்ணன்களும் இறங்கினார்கள், தெருவில் மீசை முளைத்தவர்கள் எல்லோரும் கூண்டில் ஏறி மண்ணுக்குள் போனார்கள், எட்டு மணி நேரம் கழித்து வந்தார்கள். "கீழ இன்னா இருக்குது?" என்று சின்ன வயதில் ஒவ்வொருவரையும் கேட்டாள். எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: இருட்டு. அவளுக்கு அது போதவில்லை. போக முடியாத இடத்தைத் துண்டு துண்டாகத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அவளுடைய வீட்டின் பின்னறைச் சுவர் முழுக்க மரத்தட்டுகள். மேல்தட்டு முதல் லெவல், தரையை ஒட்டிய கடைசித்தட்டு தொண்ணூற்றெட்டு. ஆயிரத்து நூற்று நாற்பது தீப்பெட்டிகள். மேல் லெவல்களைப் பார்க்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டும், அடி லெவல்களைப் பார்க்கத் தரையில் குப்புறப் படுக்க வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பம் முன்னறையில் இருந்தது. "நாலு பேர் படுக்கற எடத்துல மலை படுத்திருக்குது," என்று தம்பி மனைவி கிளாரா சொல்வாள், சொல்லிக்கொண்டே தட்டுகளைத் தூசி தட்டுவாள்.

முனிரத்தினத்தின் கல்லைச் சலேத்தக்கா கழுவினாள், துடைத்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்படிண்ணா இருக்குது இப்போ?"

"அடி வரைக்கும் இறங்குதும்மா மூச்சு. இவ்ளோ ஆழம் உள்ள இருக்குதுன்னு மறந்தே போச்சு எனக்கு."

அவள் ஒரு புதுத் தீப்பெட்டி எடுத்தாள். தாளில் அவர் பெயரும் தேதியும் ரேஷன் கடை என்ற இடமும் எழுதினாள். லெவல் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டாள். தெரியாததை எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை.

அடுத்த வாரம் மூன்று பேர் கல் துப்பினார்கள், அதற்கடுத்த வாரம் பதினாறு பேர், ஆடி மாசம் முடிவதற்குள் செங்கரட்டில் எந்த வீட்டில் சுரங்கத்தில் இறங்கியவர் இருந்தாரோ அந்த வீட்டில் எல்லாம் ஒரு கல் இருந்தது, ஊர் அதற்கேற்ப தன்னைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் யாராவது இருமத் தொடங்கினால் பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்திக் காத்திருந்தார், டிங் என்ற சத்தம் கேட்ட பிறகே தொடர்ந்தார். மாரியம்மன் கோயில் பூசாரி, கற்களை உண்டியலில் போட வேண்டாம் என்று கரும்பலகையில் எழுதிவைத்தார். டவுன் பஸ் கண்டக்டர் சீட்டுக்கு அடியில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் வைத்துக்கொண்டார். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில் பெண்ணின் அப்பா துப்பிய கல் பலகாரத் தட்டில் போய் விழ, மாப்பிள்ளையின் மாமா அதைக் கல்கண்டு என்று வாயில் போட்டுக் கடித்துப் பல் உடைந்தது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து சிரித்ததில் அந்தச் சம்பந்தம் முடிவாயிற்று. டீக்கடையில் யாருடையது பெரிது என்று ஒப்பிட்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே ஒரு மரியாதையும் உண்டாயிற்று: ஒருவருக்குக் கல் விழுந்தால், அவர் மூன்று மூச்சு முழுசாக இழுத்து விடும் வரை பக்கத்தில் இருப்பவர்கள் பேச மாட்டார்கள். சந்தையில் பேரம் பாதியில் நிற்கும். சண்டை பாதியில் நிற்கும். மூன்று மூச்சு. பிறகு தொடரும்.

சின்ன ஆஸ்பத்திரியின் டாக்டர் நஸ்ரின், எங்கள் ஊருக்கு வந்து இரண்டு வருஷமே ஆனவர், ஒவ்வொரு கல்லையும் அளந்து நோட்டில் எழுதினார். "எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல," என்றார் சலேத்தக்காவிடம். "ஆனா என் கிண்ணத்துல இருக்கு. இருக்கறத எழுதித்தான ஆகணும்." சலேத்தக்காவுக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷத்திலிருந்து பிடித்துப்போயிற்று.

ஒரு கல் விழுந்தால் நாற்பது நாள் மூச்சு நன்றாக இருந்தது. பிறகு அடுத்தது விளையத் தொடங்கும், நெஞ்சு இறுகும். திடமாக இருந்தவர்கள் இருமித் தள்ளினார்கள். எபினேசரால் முடியவில்லை. எண்பது வயது, முப்பத்தெட்டு கிலோ. மூன்று நாள் அவர் கட்டிலைச் சுற்றி நின்றோம், வந்துவிடும் வந்துவிடும் என்றோம், வரவில்லை. அதற்குப் பிறகு இன்னும் நாலு பேர் அப்படிப் போனார்கள். வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் மிஷின் இருந்தால், நெஞ்சைத் தட்டிக் கல்லை இளக்கத் தெரிந்த நர்ஸ் ஒருவர் இருந்தால் இவர்களில் பாதிப் பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் நஸ்ரின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினார். பதில் வந்தது. தூசி நோய்க்காரர்களுக்கு அரசாங்கத்தில் திட்டம் இருக்கிறது, மிஷின் உண்டு, நர்ஸ் உண்டு, பட்டியலில் பெயர் இருந்தால் போதும். பட்டியலில் பெயர் ஏற, கீழே இறங்கி வேலை செய்ததற்கு ஆதாரம் வேண்டும்.

ஆதாரம் எங்கே இருக்கிறது? சுரங்கத்தின் வேலைப் பதிவேடுகளில் பெரும்பகுதியைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சம் கொஞ்சம் தலைமை அலுவலகத்தில் இருந்தது. ஒப்பந்தத்தில் இறங்கியவர்களுக்குப் பதிவேடே கிடையாது. முந்நூற்று நாற்பது பேர் மனுப் போட்டார்கள். விசாரிக்க வந்த அதிகாரி ஹேமாவதி, கறாரான பெண்மணி, முகத்தில் கோபம் இல்லை, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க இருமறது எனக்குக் கேக்குது. நெஜமாவே கேக்குது. ஆனா இருமல் சத்தத்த ஃபைல்ல வைக்க முடியாதே." சலேத்தக்கா தன்னுடைய தாள்களில் இருநூறைக் கொண்டுபோய்க் காட்டினாள். அதில் உடைத்தவர்களின் பெயர்கள் இருந்தன. "இது உங்க கையெழுத்து," என்றார் ஹேமாவதி மெதுவாக. "யாரு வேணும்னாலும் எழுதலாம் இல்லையா?" சலேத்தக்கா தலையாட்டினாள். நியாயம்தான் என்று அவளுக்கே பட்டது. அதுதான் அவளை அதிகமாக வருத்தியது.

இந்தச் சமயத்தில்தான் ரங்கமன்னார் வந்தார். சென்னையில் பல் டாக்டர், ஓய்வு பெற்றவர், யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் பல்லைப் பார்ப்பவர். நாற்பது வருஷமாகப் பழைய சுரங்கங்களைத் தேடிப்போய்க் கல் சேகரித்தவர். நெல்லூர் மைக்காக் குழிகளில் இறங்கியிருக்கிறார், ராஜஸ்தானின் செப்புக் கிணறுகளில் இறங்கியிருக்கிறார், கால் எலும்பு இரண்டு முறை உடைந்திருக்கிறது. நெஞ்சில் விளையும் கல் உலகத்தில் யாரிடமும் இல்லை, தன்னிடம் ஒன்று இருக்க வேண்டும் என்று கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். முனிரத்தினம் அவரைச் சலேத்தக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

அவர் பின்னறை வாசலில் செருப்பைக் கழற்றினார். ஒரு தீப்பெட்டியைத் திறந்து தாளைப் படித்தார். இன்னொன்றைத் திறந்தார். ஸ்டூலில் ஏறினார், இறங்கினார், பிறகு வெள்ளைச் சட்டையோடு தரையில் குப்புறப் படுத்து, தொண்ணூற்றெட்டாம் லெவலை எட்டிப் பார்த்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. கிளாரா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அம்மா," என்றார் படுத்தவாறே, "எங்கிட்ட ஆயிரத்து எண்ணூறு கல் இருக்கு. பாதிக்கு மேல எந்தக் குழியில எடுத்தேன்னு மறந்துட்டேன். எடம் தெரியாத கல்லு ரோட்டு ஜல்லிக்குச் சமம். நீங்க ஒண்ணுகூட விடல."

"படிக்கத் தெரிஞ்சதுங்க, எழுதி வெச்சேன்," என்றாள் சலேத்தக்கா.

"எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க. சுவரோட எடுத்துக்கறேன்."

"விக்கறதுக்கு இல்லீங்க ஐயா. பாக்கறதுக்கு. உக்காருங்க, டீ குடிங்க."

அவர் டீ குடித்தார். பிறகு காரிலிருந்து ஒரு விளக்கை எடுத்துவந்தார், டார்ச் மாதிரி, ஆனால் வெளிச்சம் மங்கிய ஊதா. சில கற்கள் இந்த வெளிச்சத்தில் வேறு நிறத்தில் ஒளிரும், பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். அவள் பார்த்ததில்லை. ஜன்னலில் போர்வையை ஆணியடித்து மாட்டினார்கள். தீப்பெட்டிகளைத் திறந்துவைத்தார்கள். அவர் விளக்கை ஏற்றினார்.

மேலே நீலமாகத் தொடங்கியது. முப்பதாம் லெவலுக்குக் கீழே பால் வெள்ளை, ஐம்பதுக்குக் கீழே எலுமிச்சை மஞ்சள், இடையில் ஒரு தட்டில் நெருப்புத் துண்டு போல ஆரஞ்சு, இன்னொன்றில் பச்சை ஓடிய வெள்ளை. ஒரு லெவல் போல இன்னொன்று இல்லை. தரையை ஒட்டிய கடைசித்தட்டில் விடிகாலை வானத்தின் அடிவிளிம்பு போல ஒரு சிவப்பு. அந்தக் கற்களோடு நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரே அறையில் தூங்கியெழுந்த சலேத்தக்கா சுவரைத் தொடாமல் கையை நீட்டியபடி நின்றாள்.

"இருட்டுன்னுதான் சொன்னாங்க எல்லாரும்," என்றாள். "பாவம். அவங்களுக்கே தெரியல."

அப்புறம் முனிரத்தினம் தன்னுடைய தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். ஏன் எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. அவர் நெஞ்சில் விளைந்த கல் ஊதா வெளிச்சத்தில் மஞ்சளாக எரிந்தது, மஞ்சளுக்குள் ஒரு நூல் பச்சை. சலேத்தக்கா சுவரைப் பார்த்தாள். அந்த மஞ்சளும் பச்சையும் ஒரே ஒரு தட்டில் இருந்தது. பேனாவை எடுத்து, காலியாக விட்டிருந்த இடத்தில் எண்ணை எழுதினாள்.

ரங்கமன்னார் சென்னைக்குத் திரும்பவில்லை. லாட்ஜில் அறை எடுத்தார், ஒரு கல்லும் கேட்கவில்லை, காலை ஒன்பது மணிக்கு விளக்கோடு வந்துவிடுவார். முந்நூற்று நாற்பது பேரின் கற்களையும் ஒவ்வொன்றாகச் சுவரோடு ஒப்பிட்டார்கள். எழுபத்து மூன்று நாள் ஆயிற்று. ஒவ்வொருவன் நெஞ்சிலும் அவன் மூச்சாக இழுத்த லெவல் இருந்தது. கூலிக்கு மூன்று மாதம் இறங்கியவனுக்கும் இருந்தது.

ஏகாம்பரம் விஷயத்தில் மட்டும் ஒரு சங்கடம். எங்கள் ஊரிலேயே ஆழத்தில் வேலை செய்தவன் தான்தான், தொண்ணூற்றாறில் பாறை கையைச் சுடும், தண்ணீர் ஊற்றினால் ஆவியாகும் என்று முப்பது வருஷமாகக் கதை சொன்னவன். அவனுடைய கல் நீலமாக எரிந்தது. ஒன்பதாம் லெவல் நீலம். சலேத்தக்கா ஸ்டூலில் ஏறி ஒரு தீப்பெட்டியை எடுத்துத் தாளைக் காட்டினாள். ஒன்பது, மேற்குப் பக்கம், உடைத்தவன் ஏகாம்பரம்.

அவன் கதவைச் சாத்தினான். "அக்கா, தொண்ணூத்தாறுன்னு எழுதிடு. உன் கால்ல விழறேன். பேரப்புள்ளைங்க வரைக்கும் சொல்லிட்டேன்."

"முடியாது தம்பி."

"ஒரே ஒரு எழுத்து. யாருக்குக்கா நஷ்டம்?"

"ஒண்ணு பொய்யா எழுதினா மீதி முந்நூத்தி முப்பத்தொம்போதும் பொய்தானன்னு அந்த மேடம் கேப்பாங்க. நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

அவன் கத்தினான். வெறும் கல்லு பொறுக்கி என்றான், கீழே எட்டிக்கூடப் பார்க்காத பொம்பளை என்றான். அவள் கேட்டுக்கொண்டாள். அவன் கத்தி முடித்து இருமத் தொடங்கியபோது முதுகைத் தடவிக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "ஒன்பதாம் லெவல் தூசியும் அதே மாதிரிதான் கொல்லுது. லிஸ்ட்டுல உன் பேரும் வரும். எண்ணு எனக்கும் அந்த மேடத்துக்கும் மட்டும் தெரிஞ்சா போதும். ஊருக்குள்ள நீ சொல்றதச் சொல்லிக்கோ." அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஏகாம்பரமே ஒரு மாதம் கழித்து டீக்கடையில் உண்மையைச் சொல்லி அழுதான், அதனால்தான் எங்களுக்கு இது தெரியும்.

விசாரணை பழைய கிளப் ஹாலில் நடந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. ஹேமாவதி சோதனை வைத்தார். கரையானுக்குத் தப்பிய பதிவேட்டில் பெயர் இருந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் புதிதாகத் துப்பிய கற்களை டாக்டர் நஸ்ரினிடம் நேராக வாங்கிக் கவரில் போட்டு ஒட்டி வைத்திருந்தார். பெயர் கிடையாது. பதிவேட்டின் நகல் அவர் மேசையில். திரைகளை இழுத்து விட்டார்கள். சுவரிலிருந்து தட்டுகளைக் கழற்றி ஹாலுக்குக் கொண்டுவந்திருந்தோம், ஒவ்வொரு தட்டையும் இரண்டு பேர் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தோம்.

முதல் கவர். "முப்பத்து நாலு," என்றாள் சலேத்தக்கா. ஹேமாவதி பதிவேட்டைப் பார்த்து ஒரு கோடு போட்டார். இரண்டாவது, எழுபத்தொன்று. மூன்றாவது, பதினெட்டு. ஒன்பதாவது கவர் வரைக்கும் கோடு போட்டுக்கொண்டே வந்தார். பத்தாவது.

"அறுபத்திரண்டு."

ஹேமாவதி பேனாவை நிறுத்தினார். "பதிவேட்டுல நாப்பதுன்னு இருக்கு."

ஹாலில் ஒருவரும் மூச்சு விடவில்லை. சலேத்தக்கா கல்லை மறுபடி எடுத்தாள், மறுபடி தட்டின் முன் பிடித்தாள். ரங்கமன்னார் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

"நாப்பது வெள்ளையா எரியும் மேடம், நீங்களே பாருங்க. இது மஞ்சள், பச்சை நூலு. கல்லு அறுபத்திரண்டுன்னுதான் சொல்லுது. நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

"அப்போ பதிவேடு தப்பா?"

அப்போது பின்வரிசையில் முனிரத்தினம் எழுந்தார். "அது என் கல்லுங்க," என்றார். "எம்பத்து மூணுல, நாங்க சேந்த மறுநாளே ஏர்பிளாஸ்ட் ஆகி, பாறை வெடிச்சு நாப்பதாம் லெவல் மூடிப்போச்சு. எங்கள அறுபத்திரண்டுக்கு எறக்கிட்டாங்க. பதினாலு வருஷம். கிளார்க்கு மாத்தி எழுதல. இன்னிக்கு வரைக்கும் எங்கள யாருங்க கேட்டாங்க?"

ஹேமாவதி அவரையும் கல்லையும் தட்டையும் பார்த்தார். எழுந்து வந்து தானே குனிந்து, கண்ணாடியைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு மேசைக்குப் போய்ப் பதிவேட்டின் நகலில் நாற்பதைச் சிவப்பு மையால் அடித்து அறுபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மொத்தப் பட்டியலையும் ஏத்துக்கறேன்," என்றார்.

நாங்கள் கைதட்டவில்லை. தட்டத் தோன்றவில்லை. முந்நூற்று நாற்பது பேர் ஒருசேர மூச்சு விட்டதில் திரைகள் அசைந்தன, அவ்வளவுதான்.

ரங்கமன்னார் விளக்கை அணைக்கப் போனபோது சலேத்தக்கா இருமினாள். அவள் இருமுவதும் எங்களுக்குப் புதிதில்லை; வயசாகிறது, பனி என்று நினைத்திருந்தோம், அவளும் அப்படித்தான் சொல்வாள். இந்த இருமல் நிற்கவில்லை. நாற்காலியைப் பிடித்தாள், கிளாரா ஓடிவந்து இடுப்பைப் பிடித்தாள், டாக்டர் நஸ்ரின் கிண்ணத்தோடு வந்தார். டிங்.

நாங்கள் மூன்று மூச்சு பேசாமல் இருந்தோம்.

கிண்ணத்தில் கிடந்தது சுண்டுவிரல் நீளக் கல். ஊதா வெளிச்சம் அதன் மேல்தான் இருந்தது. அடியில் நீலம், அதன்மேல் மெல்லிய வெள்ளை, மஞ்சள், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, மறுபடி நீலம், முடியின் அளவு மெல்லிய வரிகள், வரி மேல் வரி, எண்ணி முடியாது. மார்லோ ஷாப்ட்டின் ஒவ்வொரு லெவலும் அவள் கையால் மாவாகியிருக்கிறது, ஒவ்வொரு லெவலையும் அவள் இழுத்திருக்கிறாள். ரங்கமன்னார் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் தேடி வந்தது இதைத்தான், இதைவிட அரிய கல் பூமியில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை. கைகளைத் தொடையின் அடியில் வைத்துக்கொண்டார், நீண்டுவிடக் கூடாதென்று.

"சலேத்மேரி," என்றார் ஹேமாவதி பட்டியலைப் புரட்டி. "உங்க பேரு இதுல இல்லையே."

"பொம்பளைங்க கீழ இறங்கக் கூடாதுங்களே மேடம். நான் மனுவே போடல."

"லெவல்னு என்ன எழுதட்டும்? எல்லாம்னு எழுதிடலாமா?"

சலேத்தக்கா கல்லைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். புது மூச்சு அவளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, முகம் சிவந்திருந்தது.

"இல்லீங்க. அது தப்பாயிடும். நான் எங்கயும் போகல. தரைமட்டம்னு எழுதுங்க. சாம்பிள் ரூம், நொறுக்கு மிஷின், வடக்கு ஜன்னல் பக்கம்." கொஞ்சம் நிறுத்தினாள். "உடைத்தவர்னு இருக்கற எடத்துல என் பேரைப் போடுங்க."

ஹேமாவதி முந்நூற்று நாற்பத்தொன்று என்று எண் போட்டு எழுதினார்.

மறுநாள் காலை அவர் கிளம்புவதற்காக ஃபைல்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது, கிளப் ஹால் வாசலில் பெண்கள் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. மிஷினில் அள்ளிப் போட்டவர்கள், மாவைச் சலித்தவர்கள், சாக்குப்பைகளை உதறி மடித்தவர்கள். பதினோரு பேர். இரண்டு பேரை மகன்கள் கைத்தாங்கலாக அழைத்துவந்திருந்தார்கள். ஹேமாவதி ஃபைல் கயிற்றை அவிழ்த்தார். படிவம் தீர்ந்துபோயிருந்ததால் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஸ்கேல் வைத்துத் தானே கோடு போட்டார், நாற்காலிகளை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார்.

"உக்காருங்கம்மா, நின்னது போதும்," என்றார். "ஒவ்வொருத்தரா பேரச் சொல்லுங்க."